பாடமாக்கிய வாக்குமூலம்

மகளே,

நீ பிறந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் தாளில் பால் கக்கிவிட்டாய். இது இரண்டாவது தாள். மற்ற அப்பாக்கள் இப்படிப்பட்ட கடிதத்தைப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எழுதுவார்கள், இல்லாவிட்டால் அவள் வெளியூர்க் காலேஜுக்குப் பெட்டி கட்டும்போது எழுதுவார்கள். அதற்குள் அவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், நடந்ததில் பாதி மறந்திருக்கும், மறந்த இடத்திலெல்லாம் அறிவுரையைப் போட்டு நிரப்பியிருப்பார்கள். நான் பிராசஸ் கன்ட்ரோல் இன்ஜினியர். பிளான்ட்டில் ஏதாவது நடந்தால் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று பழக்கப்பட்டவன். இருபது வருஷம் காத்திருந்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது. இப்போதே எழுதிவிடுகிறேன். நீ வளர்ந்த பிறகு படித்துக்கொள். தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்திருந்தால், வெட்கப்பட்டுவிட்டு, யோகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவன் ஒரு தடவை படித்தால் போதும், அப்புறம் தாளைப் பார்க்காமலே உனக்கு முழுவதும் சொல்லுவான். அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டி என்ற ஊரில் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஹூஸ்டன் பக்கத்துத் தமிழர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நீ யோகனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். வீட்டுக்காரர், தயிர்சாதத் தட்டோடு என்னை ஓரங்கட்டி, "இந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்? தம்பியா, மச்சினனா?" என்றார். "கோர்ட்டுல கிடைச்சான் சார்" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். உன் அம்மா காரில் வரும்போது, "யாராவது கேட்டா ஒழுங்கா ஒரு பதில் சொல்லத் தெரியாதா உங்களுக்கு? நாளைக்கு இவகிட்டயும் கேப்பாங்க" என்றாள். இவள் என்றால் நீ. ஆகவே உனக்கு ஒழுங்கான பதில் இது. கொஞ்சம் நீளம்.

எண்ணெய் விலை விழுந்த வருஷம் ஹூஸ்டனில் என் கம்பெனி எங்கள் மாடி முழுவதையும் ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பியது. உன் அம்மா நர்ஸ். எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஜனங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் என்பதால் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. நான் வீட்டிலிருந்தேன். இரண்டு வாரத்தில் சமையலறை அலமாரியை எதை எவ்வளவு அடிக்கடி எடுக்கிறோம் என்ற கணக்கின்படி மாற்றி அடுக்கினேன். புளி மேல்தட்டுக்குப் போய்விட்டது. உன் அம்மா நாற்காலி போட்டு ஏறிப் புளியை எடுத்துக்கொண்டு இறங்கி, "நீங்க எங்கயாவது வேலைக்குப் போங்க. சம்பளம் இல்லாட்டியும் பரவாயில்ல. வெளிய போங்க" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் யாரோ சொல்லி, டைப் அடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று தேடிக்கொண்டிருந்த ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. வக்கீலின் பெயர் லிண்டா. ஐம்பது வயது, குட்டை முடி, யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள், ஆனால் திட்டினால் மூன்று நாள் ஞாபகமிருக்கும். அப்பா அம்மா இல்லாமல் தனியாக இந்த நாட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்காக அவள் வாதாடினாள். அநேகமாக எல்லாரும் எல் சால்வடோர், குவாதமாலாவிலிருந்து வந்த பையன்கள். சில பெண் பிள்ளைகள். பதினான்கு, பதினைந்து வயது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சிப்ஸ் பொட்டலத்தை ஓசைப்படாமல் பிரிக்கப் பார்ப்பார்கள். சிப்ஸ் பொட்டலத்தை அப்படிப் பிரிக்க முடியாது. என் வேலை டைப் அடிப்பது, நகல் எடுப்பது, தைப்பது, போன் எடுப்பது, தேதி மறக்காமல் ஞாபகப்படுத்துவது, பிள்ளைகளைக் காரில் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவது. பட்டம் வாங்கியவன் செய்கிற வேலையா என்று ஊரிலிருந்து உன் தாத்தா எழுதினார். பட்டம் வாங்காதவன் இதைவிட நன்றாகவே செய்திருப்பான்; அவன் முதல் வாரமே ஃபுளோசார்ட் போட்டிருக்க மாட்டான்.

நான் போட்டேன். ஒரு பிள்ளை வாசலில் நுழைவதிலிருந்து கேஸ் முடிவது வரை, சுவர் அளவுக்கு. அம்புக்குறிகள், பெட்டிகள், ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். லிண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தாள். "இதில் அழுகிற பிள்ளை எந்தப் பெட்டியில் வரும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான் என்று நான் ஒரு பெட்டி வரைந்து சேர்த்தேன். அவள் அந்தப் பெட்டியையும் பார்த்துவிட்டு, "போய்க் காப்பி மெஷினில் சிக்கின தாளை எடு" என்றாள். எந்த வேலைக்குப் போனாலும் முதல் மாதம் எதையும் சீர்திருத்தாதே, மகளே. உன் உடம்பில் என் ரத்தம் ஓடுவதால் இதைக் கேட்க மாட்டாய் என்று தெரியும். எழுதியாவது வைக்கிறேன்.

யோகன் வந்தது அப்புறம். ஏர்போர்ட்டில் பிடித்து வைத்த ஒரு பையன், என்ன பாஷை பேசுகிறான் என்றே தெரியவில்லை, ஸ்பானிஷ் போட்டுப் பார்த்தோம், 'சீ, சென்யோர்', அதாவது 'ஆமாம் ஐயா', என்கிறான், அதற்கு மேல் எதுவும் வரவில்லை என்று லிண்டாவுக்குப் போன் வந்தது. பெயரைச் சொன்னார்கள். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து, "அது தமிழ்ப் பெயர்" என்றேன். லிண்டா என்னை முதல்முறையாகப் பிரயோஜனமுள்ள பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பதினாறு வயது. ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில். அப்பா தபால் கந்தோரில், அதாவது போஸ்ட் ஆபீஸில், கிளார்க். அம்மா கிடையாது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி ஏஜென்ட் ஒருவன் கூட்டி வந்து, ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, இங்கேயே நில் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இவன் நின்றிருக்கிறான். காலையிலிருந்து மாலைவரை. "பாத்ரூமுக்காவது போயிருக்கலாமேப்பா" என்று நான் கேட்டதற்கு, "நிக்கச் சொன்னவர் அண்ணை" என்றான். யாராவது பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்கிற பிள்ளை. இதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். லிண்டா அவனை வெளியே எடுத்து, தேவாலயம் ஒன்று நடத்திய விடுதியில் சேர்த்தாள். கேஸ் நடக்கும்வரை அங்கே இடம். முடிந்ததும் அந்தக் கட்டில் அடுத்த பையனுக்குப் போய்விடும். கேஸ் தோற்றால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் அப்பா எழுதிய ஒரே கடிதத்தில் ஒரே வரிதான் விஷயம்: எப்படியாவது அங்கேயே இரு, இங்கே வராதே.

ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் வருவான். லிண்டா கேட்பாள், நான் தமிழில் கேட்பேன், அவன் சொல்லுவான், நான் இங்கிலீஷில் சொல்லுவேன். பாதி நேரம் எனக்கே அவன் தமிழ் புரியவில்லை. "கதைக்க ஏலாது" என்றான் ஒருநாள். கதை எழுத வரவில்லையாக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பேச முடியவில்லை என்கிறான் என்று பிறகு புரிந்தது. எனக்கோ பொறுமை இல்லை. அவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து ஜன்னலைப் பார்த்தால், "சரி, அப்புறம்?" என்பேன். லிண்டா மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பாள். அவன் எனக்காகச் சீக்கிரமாகச் சொல்லப் பழகிக்கொண்டான். சீக்கிரமாகச் சொல்லக்கூடியது எதுவோ அதை மட்டும் சொன்னான். அப்படி வந்ததையெல்லாம் லிண்டா எண் போட்ட பத்திகளாக இங்கிலீஷில் வாக்குமூலமாக்கினாள். நான் டைப் அடித்தேன். சுத்தமான டைப். ஒரே ஒரு வரி மட்டும், பக்கம் மாறும் இடத்தில், இரண்டு தடவை விழுந்துவிட்டது. அது யார் கண்ணிலும் படவில்லை.

கோர்ட்டில் அவன் வாயால் சொல்ல வேண்டும் என்பதால் லிண்டா அவனிடம் ஒரு நகல் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுத்து, "வாசிச்சுப் பாரு. தப்பு இருந்தா சொல்லு" என்றேன். அடுத்த புதன்கிழமை வந்தான். முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு. "அண்ணை, பாடமாக்கிட்டன்" என்றான்.

இந்த இடத்தை நன்றாகக் கவனி. அமெரிக்காவில் பிறந்த எவனாவது பக்கத்தில் இருந்திருந்தால், 'ஐயோ, எதற்கு மனப்பாடம் செய்தாய், நடந்ததைச் சொன்னால் போதுமே' என்று பதறியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எங்கே, சொல்லு" என்றேன். சொன்னான். நான் தாளை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தேன். ஐந்தாவது பத்தியில் ஒரு வார்த்தை தடுமாறினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். நீ அப்போது உன் அம்மா வயிற்றில். அவள் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "குடுங்க அந்தப் பேப்பரை" என்று வாங்கி, அவனை எதிரே நிற்க வைத்தாள்.

"கையக் கட்டிட்டு நில்லு. தரையைப் பாக்காத. ம், ஆரம்பி."

அவன் ஆரம்பித்தான். என் பெயர் இன்னது, நான் இந்த வாக்குமூலத்தை என் சொந்த அறிவின் பேரில் அளிக்கிறேன் என்பதிலிருந்து. இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் தயங்கினான்.

"அக்கா, இதில ஒரு வரி ரெண்டு தரம் வருது."

உன் அம்மா தாளைப் பார்த்தாள். "ஆமா, வருது. வக்கீல் ஏதாவது காரணமாப் போட்டிருப்பாங்க. இருக்கறபடியே சொல்லு. நம்மளா எதையும் மாத்தக்கூடாது."

"ஓம் அக்கா."

உன் அம்மா மதுரையில் பன்னிரண்டாவது வகுப்பில் மாவட்டத்தில் இடம் வாங்கியவள். நான் காலேஜில் தங்க மெடல். யோகன் அவன் பள்ளியில் முதல் பையன். அந்த ஹாலில் இருந்த மூன்று பேரும் புத்தகத்தை விழுங்கியே மேலே வந்தவர்கள். ஒரு பையன் தன் வாழ்க்கையில் நடந்ததைத்தானே மனப்பாடம் செய்கிறான், அவனுக்கு எதற்கு மனப்பாடம் என்ற கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பரீட்சை வருகிறது, பாடம் இருக்கிறது, வேறென்ன செய்வது? விசாரணைக்கு முந்தின வாரம் முழுக்க அவன் தினமும் சாயங்காலம் வந்தான். கடைசியில் கமா வந்த இடத்தில் கொஞ்சம், முற்றுப்புள்ளி வந்த இடத்தில் அதிகம் என்று மூச்சு விட்டுச் சொன்னான். உன் அம்மா கைதட்டினாள். நீகூட உதைத்தாயாம். நாங்கள் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டோம். எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது.

விசாரணை நாள். அவனுக்கு என் கோட்டைப் போட்டுவிட்டோம். கோட்டுக் கை விரல்நுனிவரை வந்தது; காலில் விடுதியில் கொடுத்த ஷூ. நீதிபதி வயதானவர், தொண்டை மிட்டாய் சப்பிக்கொண்டே இருந்தார். அரசுத் தரப்பு வக்கீல் இளைஞன், என் வயது, என்னைப்போலவே அவசரக்காரன், கால் ஆடுவதைப் பார்த்தாலே தெரிந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஒத்திவைக்கலாமா என்று நீதிபதி கேட்டார். யோகன் தானே எழுந்து இங்கிலீஷில், "ஐயா, நான் தயார்" என்றான். பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவன் ஒத்திவைக்கச் சம்மதிப்பானா? நான் பின் பெஞ்சில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

லிண்டா, "என்ன நடந்தது என்று சொல்" என்றாள். அவன் கையைக் கட்டினான். தரையைப் பார்க்காமல் ஆரம்பித்தான். ஒரே சீராக, அருமையாகப் போயிற்று. லிண்டாவின் முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே வந்தது. நடுவில் நீதிபதி, "ஒரு நிமிஷம். ராணுவம் வந்தது காலையிலா, மாலையிலா?" என்றார். யோகன் நிறுத்தினான். விழித்தான். உதடு அசைந்தது. பிறகு, "என் பெயர் யோகன். நான் இந்த வாக்குமூலத்தை என் சொந்த அறிவின் பேரில்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.

உனக்கு இது புரியாது. நீ இந்த ஊர்ப் பள்ளியில் படித்திருப்பாய். ஒப்பிக்கிறவனை நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்திலிருந்து எடுக்க முடியாது, தலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நீதிபதி மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். இரண்டாம் பக்கம் வந்தது. "அதன் பிறகு நாங்கள் வீட்டை விட்டு வெளியேறினோம். அதன் பிறகு நாங்கள் வீட்டை விட்டு வெளியேறினோம்."

"எத்தனை தடவை வெளியேறினீர்கள்?" என்றார் நீதிபதி.

"ஒரு தடவை, ஐயா."

"இரண்டு தடவை சொன்னாயே."

"இரண்டு தடவை எழுதியிருக்கிறது, ஐயா."

அரசு வக்கீல் எழுந்துவிட்டான். இது சாட்சியமே இல்லை, யாரோ சொல்லிக் கொடுத்த பாட்டு, நடந்திருந்தால் மனப்பாடம் எதற்கு, இதை ஏற்கக் கூடாது என்று அடுக்கினான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். லிண்டா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று நாள் அல்ல, அந்தப் பார்வை இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் யோகன் இன்னும் சிறியவனாகிக் கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு மெடல்காரர்களும் சேர்ந்து அவனை விமானத்தில் ஏற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

நீதிபதி வக்கீலைக் கையமர்த்தினார். "தம்பி, இதைப் படித்துக்கொண்டு வா என்று உனக்கு யார் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை, ஐயா. நானாகப் படித்தேன்."

"ஏன்?"

யோகனுக்கு அந்தக் கேள்வி விளங்கவேயில்லை. "முக்கியமானது, ஐயா. முக்கியமானதை நாங்கள் படிப்போம்."

"அப்படி வேறு என்ன படித்திருக்கிறாய்?"

"கெமிஸ்ட்ரி, ஐயா."

அரசு வக்கீல் மறுபடி எழுந்தான். நீதிபதி, "உட்காருங்கள். நான் கெமிஸ்ட்ரியில் தட்டுத் தடுமாறிப் பாஸானவன், கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். யோகன் கையைக் கட்டினான். அமிலங்களும் காரங்களும் என்ற பாடம், இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து. தலைப்பிலிருந்து ஆரம்பித்தான். நீல லிட்மஸ், சிவப்பு லிட்மஸ், 'படத்தைப் பார்க்க' என்று புத்தகத்தில் இருந்த இடத்தில் 'படத்தைப் பார்க்க' என்றே சொன்னான். கோர்ட் சுருக்கெழுத்துக்காரி தலை நிமிராமல் அத்தனையையும் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டின் குடியேற்றச் சட்ட ஆவணங்களுக்கு நடுவில் எங்கேயோ சோடியம் ஹைட்ராக்சைடு தயாரிக்கும் முறை இன்றைக்கும் இருக்கும். நீதிபதி சிரிப்பை மிட்டாயோடு சேர்த்து விழுங்குவது எனக்குத் தெரிந்தது. அப்போது, ஒரு வாக்கியத்தின் நடுவில், யோகன் நின்றான்.

நீதிபதி காத்திருந்தார். "பாடம் முடிந்துவிட்டதா?"

"இல்லை, ஐயா. பாடம் முடியவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ஏன்?"

அவன் வாயைத் திறந்தான். இங்கிலீஷ் அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. பின் பெஞ்சுப் பக்கம் திரும்பி, "அண்ணை" என்றான். அந்தப் பையன் தமிழில் பேசினால் மொழிபெயர்க்க இங்கே யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார். லிண்டா என்னைக் காட்டி, என் ஆள்தான், ஆனால் வேறு ஆள் கிடையாது என்றாள். அரசு வக்கீல் யோசித்து, ஆட்சேபணை இல்லை என்றான். என்னைச் சத்தியம் செய்ய வைத்து யோகனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "'அவன் சொல்கிறான்' என்று ஆரம்பிக்காதே. அவன் சொல்வதை அப்படியே, 'நான்' என்றே சொல். எதையும் விடாதே, எதையும் சேர்க்காதே" என்றார் நீதிபதி.

யோகன் பேச ஆரம்பித்தான். ஒரு வரி சொன்னான், சுவரைப் பார்த்தான். 'அப்புறம்?' என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. சத்தியம் செய்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"வியாழக்கிழமை ரீச்சர் அதுவரைக்கும்தான் படிப்பிச்சவ. மிச்சம் நாளைக்கு எண்டவ." நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். "எனக்குப் பக்கத்தில இருக்கிறவன் ரகு. அவன்ர புத்தகம் கிழிஞ்சு போச்சு. என்ர புத்தகத்தைக் கேட்டான். குடுத்துவிட்டனான்." சொன்னேன். "அடுத்த நாள் விடிய நாங்கள் போகேக்க பள்ளிக்கூடத்துக்குள்ள ஆமி நிண்டது. வாங்கு மேசையெல்லாம் முற்றத்தில எரிஞ்சுகொண்டிருந்தது. பெடியங்களை வரிசையில நிக்கச் சொன்னாங்கள். நான் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நிண்டதால பின்னுக்கு நிண்டன். ரகு முன்னுக்கு." நீளமான கோட்டுக் கையை மடித்தான், பிரித்தான். "அவனை ட்ரக்கில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். புத்தகம் அவனிட்டத்தான் இருந்தது. அதுதான் மிச்சம் எனக்குத் தெரியாது."

நான், 'புத்தகம் அவனிடம்தான் இருந்தது' என்பதுவரை சொன்னேன். அடுத்த வரிக்குக் குரல் வரவில்லை. 'மிச்சம் எனக்குத் தெரியாது' என்பதை 'நான்' என்றே சொல்லச் சொன்னால் எப்படி வரும்? நீதிபதி, "நிதானமாகச் சொல்லலாம்" என்றார். அதுவரை என்னை எத்தனையோ பேர் நிதானமாக இரு என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் கேட்டேன்.

அத்தனை புதன்கிழமை நான் கேட்டு, டைப் அடித்த வாக்குமூலத்தில் இதற்கு ஒரே வரிதான்: என் வகுப்பு மாணவர்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். ரகு இல்லை, சைக்கிள் இல்லை, புத்தகம் இல்லை. யாராவது உன்னிடம் ஏதாவது சொல்ல ஆரம்பித்து நிறுத்தினால், மகளே, வாயை மூடிக்கொண்டு உட்கார். இந்தக் கடிதத்தில் நான் தைரியமாகச் சொல்லக்கூடிய அறிவுரை இது ஒன்றுதான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அங்கேயே தீர்ப்புச் சொன்னார். இந்தப் பையன் ஒரு வாக்குமூலத்தை நெட்டுருப் போட்டு வந்தான், அது சாட்சியம் இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது சரி. அதற்கப்புறம் அவன் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை. அதை நான் நம்புகிறேன். பையன் இங்கேயே இருக்கலாம். அரசு வக்கீல் தன் தாள்களைக் கொஞ்ச நேரம் புரட்டினான், அப்புறம் மூடினான், அப்பீல் இல்லை என்றான். போகும்போது யோகனின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். என் வயது என்று சொன்னேனே, அவன் என்னைவிட நல்லவன்.

ஆனால் அரசு வக்கீல் போவதற்கு முன்னால், பேனாவை மூடப் போன நீதிபதி நிறுத்தி, "இனி இவன் எங்கே இருப்பான்?" என்று கேட்டார். லிண்டா எழுந்து, விடுதியில் இடம் இந்த வாரத்தோடு முடிகிறது, வளர்ப்பு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம், சமயம் வேண்டும் என்றாள். யோகன் தலையைக் குனிந்து என்னிடம் மெதுவாக, "என்னை எங்க கொண்டுபோய் விடப் போறாங்கள், அண்ணை?" என்றான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் நீதிபதி.

எதையும் விடாதே என்று சொல்லியிருக்கிறார். "என்னை எங்கே கொண்டுபோய் விடப் போகிறார்கள்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எதையும் சேர்க்காதே என்றும் சொல்லியிருக்கிறார். "எங்கள் வீட்டில்" என்றேன்.

சுருக்கெழுத்துக்காரி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். நீதிபதி என்னைப் பார்த்தார். "இது சாட்சி சொன்னதா, மொழிபெயர்ப்பாளர் சொன்னதா?"

"மொழிபெயர்ப்பாளர் சொன்னது, ஐயா."

"மொழிபெயர்ப்பாளருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"ஆகிவிட்டது."

"அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் முதலில் ஒரு போன் செய்துவிட்டு வரட்டும்" என்று சொல்லிப் பத்து நிமிஷம் ஒத்திவைத்தார்.

கோர்ட் தாழ்வாரத்தில் இருந்த போனிலிருந்து உன் அம்மாவின் வார்டுக்குப் பேசினேன். யோகன் கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். "ஜெயிச்சாச்சு" என்றேன். அவள் அழுதாள், சிரித்தாள், "கமாவுக்கெல்லாம் மூச்சு விட்டுச் சொன்னானா?" என்றாள். அதை வீட்டில் வந்து சொல்கிறேன் என்றேன். அப்புறம் மற்றதைச் சொன்னேன். தொட்டில் வைக்கலாம் என்று வெள்ளையடித்து வைத்திருந்த அறையைப் பற்றி, உனக்கென்று இருந்த அறையைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பக்கம் ஏதோ மெஷின் பீப் பீப் என்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல மாட்டேன். திரும்பி வந்தாள்.

"என்கிட்ட கேக்காமயா ஜட்ஜ்கிட்ட சொன்னீங்க?"

"ஆமா. யோசிக்கல."

"கேட்டிருந்தீங்கன்னா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருப்பேன். யோசிச்சிருந்தா முடியாதுன்னு தோணியிருக்கும். கைக்குழந்தை, உங்களுக்குச் சம்பளம் கிடையாது, எனக்கு ஷிஃப்ட்." அந்த மெஷின் மறுபடி பீப் பீப் என்றது. நான் காத்திருந்தேன், இப்போதுதான் பழகியிருக்கிறேனே. "நல்லவேளை, கேக்கல நீங்க. போய் ஜட்ஜ்கிட்ட சரின்னு சொல்லுங்க. அவனுக்குச் செருப்பு வாங்கணும், அந்த ஷூ கடிக்குதுன்னு நேத்தே நொண்டினான்."

போனை வைத்தேன். யோகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா என்ன சொன்னவ, அண்ணை?" என்றான். என் சத்தியம் கோர்ட் அறைக்குள்தான் செல்லும், தாழ்வாரத்தில் செல்லாது. முடியாதுன்னு தோணியிருக்கும் என்பதை நான் விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. 'என்கிட்ட கேக்காமயா' என்றதிலிருந்து செருப்புவரை, நின்ற இடத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை சேர்க்காமல் சொன்னேன். அவன் கேட்டு முடித்தான். பிறகு குனிந்து அந்த ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்ஸோடு எனக்கு முன்னால் நடந்து போய், கோர்ட் அறைக் கதவைத் தள்ளினான்.

அவன் உனக்கு அண்ணன். யாராவது கேட்டால் அதைச் சொல். அதற்கு மேலும் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு, நீ ஒப்பிக்காதே.

உன் அப்பா